கணக்கும் கேள்வியும்

சென்னை வளர்ந்த கதையைச் சொல்ல வருகிறவர்கள் ஒரு பட்டியலைக் காட்டுவது வழக்கம். 1871இல் 3,97,552 பேர். 1901இல் 5,09,346. 1951இல் 14 லட்சத்துக்கு மேல். 2011இல் 46,46,732. படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் இந்த எண்களைப் பார்த்தால், ஒரே நகரத்தை ஒரே அளவுகோலால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அளந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அது சரியல்ல. எல்லை மாறியிருக்கிறது, எண்ணிய விதம் மாறியிருக்கிறது, கேட்ட கேள்வியும் மாறியிருக்கிறது. இரண்டு ஸென்ஸஸ்களைக் கழித்து வருகிற மீதியில் மனிதர்களோடு அலுவலக உத்தரவுகளும் கலந்திருக்கின்றன. நான் இருப்பது கல்மண்டபத்தில். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்ற இந்தக் கடலோரத்தில் நின்று பார்க்கும்போது இந்தக் கலப்பு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதல் எண்ணிலிருந்தே தொடங்கலாம். 1871க்கு 3,97,552 என்றேன். சில பட்டியல்களில் இது 3,67,552 என்று அச்சாகியிருக்கிறது. ஒரே ஓர் இலக்கம் வேறு. 1881இன் எண் 4,05,848. முதலாவதை எடுத்துக்கொண்டால் பத்து வருஷத்து வளர்ச்சி இரண்டு சதவிகிதம். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் பத்து சதவிகிதம். இடையில் கிடப்பது 1876–78 பஞ்சம். மாகாணம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 1871ஐவிட 1881இல் ஜனங்கள் குறைவு. பத்து சதவிகிதம் என்று படிக்கிறவனுக்குச் சென்னை அந்தப் பஞ்சத்தைச் சாவகாசமாகத் தாண்டி வந்த ஊராகத் தெரியும். இதற்கும் முன்னால், 1782இல், பஞ்சத்தில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தோன்றியதுதான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இங்கே பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். அச்சில் ஓர் இலக்கம் பிசகினால் போய்விடுகிற பஞ்சம் ஜனங்களின் பேச்சில் போகாமல் இருக்கிறது.

அடுத்தது எல்லை. 1941இல் 7,77,481 பேர். 1951இல் 14,16,056. எண்பது சதவிகிதத்துக்கு மேல் வளர்ச்சி. யுத்தம், கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று காரணங்கள் சொல்லப்படும், அவை பொய்யல்ல. ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் சைதாப்பேட்டையும் பல சுற்றுக் கிராமங்களும் நகரத்தோடு சேர்க்கப்பட்டு, சுமார் 30 சதுர மைலாக இருந்த நகரம் ஏறத்தாழ 50 சதுர மைலாயிற்று. வளர்ச்சியில் ஒரு பங்கு கோடு நகர்ந்ததால் வந்தது. 2011 அக்டோபரில் திரும்பவும் இது நடந்தது. மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் உள்ளே வந்தன. அந்த வருஷத்து ஸென்ஸஸில் 46 லட்சமாக இருந்த நகரம் புதிய எல்லைக்குக் கணக்கிட்டபோது 66 லட்சத்தைத் தாண்டியது. ஒருவரும் வீடு மாறவில்லை. எண்ணூர் கடற்கரையில் குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே சென்னைக்காரர்கள் ஆனார்கள்.

மூன்றாவது, எண்ணிய விதம். 1881 முதல் 1931 வரை ஸென்ஸஸ் என்பது ஒரு ராத்திரி விவகாரம். அன்று எங்கே இருந்தாயோ அங்கே நீ எண்ணப்படுவாய். சரக்கு ஏற்றிவந்த வண்டிக்காரனும் கப்பலிலிருந்து இறங்கியவனும் துறைமுகத்துக் கணக்கில் சேருவார்கள். விடிவதற்கு முன்பே கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு ராத்திரி என்பதே வேறு. 1941இல் இந்த முறை கைவிடப்பட்டு, பல நாட்கள் வீடுவீடாகப் போய், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் எண்ணும் முறை வந்தது. வீடு இல்லாதவர்களுக்கு மட்டும் பிப்ரவரி கடைசி ராத்திரி என்ற பழைய வழக்கம் தங்கிவிட்டது. துறைமுகச் சுவரோரம் படுத்திருப்பவனை இன்றும் 1931இன் முறைப்படிதான் எண்ணுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கேள்வி. 1961 ஸென்ஸஸ் இந்தியாவில் 5.94 கோடி பெண்களை வேலை செய்பவர்கள் என்று எண்ணியது. 1971இல் அந்த எண் 3.13 கோடி. இதே பத்து வருஷத்தில் நாட்டின் ஜனத்தொகை 43.9 கோடியிலிருந்து 54.8 கோடியாகியிருக்கிறது. வேலை செய்யும் ஆண்களும் கூடியிருக்கிறார்கள். இரண்டே முக்கால் கோடிப் பெண்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. 1961இல், பருவகால வேலையானால் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தாலே போதும்; நிரந்தர வேலையானால் முந்தின பதினைந்து நாட்களில் ஒரு நாள் செய்திருந்தாலே போதும். 1971இல் கேட்டது வேறு: உன்னுடைய பிரதான காரியம் என்ன? வீட்டு வேலைதான் பிரதானம் என்று பதில் வந்தால் அவள் வேலை செய்யாதவள். கூட என்ன செய்தாலும் அது துணைத்தொழில் என்ற தனிக் கட்டத்துக்குப் போய்விடும்.

இதைக் காசிமேட்டில் வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, மிஞ்சியதைக் கருவாடு போட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற பெண்ணுக்குப் ‘பிரதான காரியம்’ எது? பதிலை அவள் சொல்வாளா, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆண் சொல்வானா? அவன் வாயில் வருகிற ‘வீட்டோட இருக்குது’ என்ற ஒரு வார்த்தையில் அவளுடைய கூடை கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

பொருளாதார நிபுணர்களுக்கு இது தெரியாததல்ல. 1971 முடிந்ததும் ஸென்ஸஸ்காரர்களே மாதிரிக் குடும்பங்களில் மறுபடி விசாரித்தார்கள். 1981இல் 183 நாட்களுக்கு மேல் வேலை செய்பவர், அதற்குக் குறைவாகச் செய்பவர் என்று இரண்டு வகைகள் வைத்தார்கள். தேச அளவில் இப்படி ஒட்டுப்போட்டுவிடலாம். கல்மண்டபத்துக்கு யார் ஒட்டுப்போடுவார்கள்? வார்டு வாரியாக அச்சான எண் அச்சானபடிதான் நிற்கிறது. அதை எடுத்துவைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவனுக்கு மீன்பிடித் தொழில் என்றால் படகும் ஆணும் வலையும் மட்டும்தான்.

நம் எழுத்தும் இதற்கு விலக்கல்ல என்பது என் அபிப்பிராயம். வடசென்னை நம் கதைகளில் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகையாகத்தான் வருகிறது: கூட்டம், நெரிசல், உப்புக் காற்று. 1871 அறிக்கையில் மீன்பிடிக்கிறவர்களுக்கென்று இருந்த தலைப்பு ‘செம்படவர்’. அது ஏரி, ஆறு, குளத்தில் வலை வீசுகிறவர்களின் பெயர். இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் பட்டணவர். கடலுக்கும் குளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தலைப்பு விழுங்கிவிடுவதைக் குமாஸ்தாவின் குறை என்று சொல்லிவிடுகிறோம். நாம் ‘மீனவர்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வதை யதார்த்தம் என்கிறோம்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஆம் தேதியை வைத்து எண்ணுவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. சாதியும் கேட்கப்படும் என்கிறார்கள். புது எண் வந்ததும் 2011உடன் கழித்து, கூடியது இவ்வளவு, குறைந்தது இவ்வளவு என்று எழுத நிறையப் பேர் இருப்பார்கள். கழிப்பதற்கு முன்னால் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். திருவொற்றியூர் எந்தக் கோட்டுக்குள் இருந்தது, சுவரோரம் படுத்தவனை எந்த ராத்திரியில் எண்ணினார்கள், மீன்கூடைக்காரியிடம் எந்த வார்த்தையில் கேட்டார்கள், பதில் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும்.