மண் இறங்கிய கதை

வரலாறு என்றதும் நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் போகிறோம். ஒரெழுத்தும் பொறிக்காத இரும்புத் தூணும் வரலாறு சொல்லக்கூடும். கிழக்கு இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்னுமிடத்தில் அப்படியொன்று நிற்கிறது.

அப்பகுதி முன்பு பெருஞ்சதுப்பு நிலம். அருகே விட்டில்சி மியர் என்ற விரிந்த ஏரி. மீன்பிடிப்பும் நாணல் அறுப்பும் அங்குள்ளோர் பிழைப்பு. 1851-இல் அவ்வேரியை வற்றச்செய்தார்கள். அதே ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் பெயர்பெற்ற ஆப்பல்டின் சுழல்விசை நீரேற்றி அதற்குக் கைகொடுத்தது. ஏரிப்படுகை விளைநிலமாயிற்று.

நீர் போனால் நிலம் தாழும் என்பதை அந்நிலவுடைமையாளர் வில்லியம் வெல்ஸ் அறிந்திருந்தார். அதை அளக்க, அடிக்களிமண்வரை ஆழப் பதித்து, உச்சி தரைமட்டத்தில் அமையும்படி ஒரு தூண் நடப்பட்டது. பொருட்காட்சி நடந்த கண்ணாடி மாளிகையின் தூணே அது என்று செவிவழிச் செய்தியும் உண்டு. முதல் பத்தாண்டுகளிலேயே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வெளித்தெரிந்தது. இன்றோ சுமார் 4 மீட்டர். தூண் வளரவில்லை, மண் தாழ்ந்தது.

அம்மண் எங்கே போயிற்று? நீருக்கடியில் காற்றுப் படாமல், முழுதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த தாவரங்களே பீட் எனப்படும் அக்கரிமண். நீர் வடிந்ததும் அது முதலில் சுருங்கி அமுங்கியது. பிறகு காற்று உட்புகுந்தது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தன. அதிலிருந்த கரிமம் கரியமில வாயுவாகி வெளியேறியது. உழவு அதை விரைவுபடுத்தியது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள இத்தகைய நிலங்கள், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்தும் வைத்திருப்பதைவிட மிகுதியான கரிமத்தைச் சேமித்து வைத்துள்ளன என்பதை எண்ணினால், இது ஓர் ஊரின் கதையன்று என்பது விளங்கும்.

2001-இல் தொடங்கிய 'கிரேட் ஃபென்' திட்டம் அங்கே சதுப்பை மீட்க முயல்கிறது. நீர் திரும்பினால் மீத்தேன் சிறிது கூடும். ஆயினும் கரிமண் கரைவது மட்டுப்படும். ஆனால் அவ்வயல்கள் வெறும் வயல்களல்ல, பலரின் உணவும் வாழ்வும். அன்று நீர் போனபோது மீனவர் பிழைப்பு போயிற்று. இன்று நீர் வரும்போது உழவர் என்செய்வார்? முன்னதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னதையேனும் நாம் கேட்டாக வேண்டும். தூண் அதற்கு விடை சொல்லாது.