கொத்தனார்கள் கட்டிய ஜிகினாக் கோபுரங்கள்

உறைபனி இறங்கிவிட்டால் சுண்ணாம்புக் கலவை சரியாக இறுகாது. கலவையில் இருக்கும் தண்ணீர் உறையும், வெயில் பட்டால் இளகும், பூச்சு பொரிந்து கையோடு வரும். போலந்தின் கிராக்கோவ் நகரத்துக் கொத்தனார்களுக்கு நவம்பர் பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைத்தது இதனால்தான். குளிர் விடும்வரை சாரம் ஏற முடியாது, கூலியும் வராது. கையில் தொழில் இருப்பவன் அத்தனை மாதம் சும்மா உட்கார்ந்து என்ன செய்வான்? 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கொத்தனார்கள் அட்டை, மரச்சட்டம், வண்ணக் காகிதம், மினுங்கும் தாள் இவற்றை வைத்துக் கோபுரம் கட்டினார்கள். வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகிற கோபுரம்.

அதற்கு ஷோப்கா என்று பெயர். நம் ஊர்த் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வைக்கோல் கூரை போட்டு வைக்கிறார்களே குடில், அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். பார்த்தால் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டுக்கொட்டிலில் பிறந்த குழந்தைக்கு இந்த ஊர்க்காரர்கள் அரண்மனையே எழுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஊசிக் கோபுரங்கள், நடுவே குவிமாடம், அடுக்கடுக்காக மாடங்கள், வண்ணச் சாளரங்கள். விரலளவு இடம்கூட மினுங்காமல் இருக்காது. திருக்குடும்பம் பெரும்பாலும் மாடியில் ஒரு மாடத்துக்குள் இருக்கும். முதல்முறை பார்க்கிறவர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்டவன் நான். கணினி நிறுவனங்களை நம்பி வந்த இந்தியர்கள் இங்கே நிறையப் பேர். என் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் பெரியவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்; கோடை முடிந்ததும் சமையலறை மேசையை ஷோப்காவுக்கு விட்டுவிடுவார். அவர் மனைவி அதன் பிறகு ஜன்னல் திண்டில் வைத்துத்தான் காய் நறுக்குகிறார். அவர்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி வேடிக்கை பார்த்துத்தான் இந்தக் கலையின் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது.

முதலில் இது தேவாலயத்துக்கு உள்ளேதான் இருந்தது. கிறிஸ்து பிறப்பைப் பொம்மைகள் வைத்து நடித்துக் காட்டும் வழக்கம் போலந்தில் பழையது. போகப் போகப் பொம்மைகள் ஆடின, பாடின, ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மக்கள் பூசையை மறந்து சிரித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் பொறுமையிழந்து, ஆடும் பொம்மைகளைக் கோயிலைவிட்டு வெளியேற்றினார்கள். தெருவுக்கு வந்த கூத்தை எடுத்துக்கொண்டவர்கள், க்ரொவோத்ஷா, ஸ்வியெஷினியெட்ஸ் போன்ற புறநகர்களில் வாழ்ந்த கொத்தனார்களும் கூலிக்காரர்களும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிராக்கோவ் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. குளிர்காலத்தில் கொத்தனார்கள் குழுக் குழுவாகப் பெரிய சந்தைச் சதுக்கத்தில் ஷோப்காவோடு வந்து நிற்பார்கள். வசதியுள்ள வீட்டார் வந்து பேரம் பேசி அழைத்துப் போவார்கள். அங்கே கூடத்தில் ஷோப்காவை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினால் ஆட்டம் தொடங்கும். கீழ்த்தளம்தான் மேடை. தரையில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். குச்சியில் செருகிய பொம்மைகளை அதன் வழியே கீழிருந்து பிடித்து ஆட்டுவார்கள். ஏரோது மன்னன் வருவான், அதட்டுவான். அரிவாளோடு சாவு வந்து அவன் தலையைச் சீவும். மிச்சத்தைப் பிசாசு இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் கிராக்கோவ் ஜோடி ஒன்று ஆடும், மலைநாட்டான் வருவான், பிசாசுக்கு ஆன்மாவை விற்ற மந்திரவாதி த்வர்தோவ்ஸ்கி வருவான். நாடே இல்லாத ஜனங்களுக்குத் தங்கள் உடுப்பும் பேச்சும் பாட்டும் ஒரு பெட்டிக்குள் உயிரோடு நடமாடுவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பெட்டி ஏன் அப்படி மினுங்க வேண்டும் என்பதுதான் என்னை ரொம்ப நாள் குடைந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரே பகட்டு, கண்ணைக் குத்துகிறது என்பார்கள். நானும் விழுப்புரம் மாவட்டத்துக்காரன். தெருக்கூத்துக்காரர்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாவற்றையும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டி வைத்திருப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன். பகலில் அவை கூடையில் கிடக்கும்போது ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் துரியோதனன் தலையை ஒரு திருப்புத் திருப்பினால் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட விழித்துக்கொள்வான். ஜிகினாவை அதற்கான விளக்கில் பார்க்க வேண்டும். ஷோப்காவும் அப்படித்தான். அது மெழுகுவர்த்திக்காகக் கட்டியது. சுடர் கொஞ்சம் அசைந்தால் போதும், ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு செதிலும் அதை வாங்கித் திருப்பி வீசும். நாலு மெழுகுவர்த்தியை நாற்பதாகக் காட்டுகிற வித்தை அது. ஏழைகள் செய்த சிக்கனமான வித்தை. பகட்டு என்பவர்கள் மின்விளக்கில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய உலோகத் தாள் வெள்ளீயத்தில் அடித்தது. அதில் தின்பண்டத்தைச் சுற்றினால் லேசாக உலோகச் சுவை ஏறும். 1910-இல் சுவிட்சர்லாந்தில் அலுமினியத்தைத் தொடர்ச்சியாக மெல்லிய தாளாக உருட்டும் முறை வந்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள சாக்லேட் கம்பெனிகள் அதற்கு மாறத் தொடங்கின. எடை குறைவு, சுவை மாறாது, வண்ணமும் பிடிக்கும். தின்றுவிட்டு எறிந்த காகிதம்தான் ஷோப்காக்காரர்களுக்குச் சரக்கு. கிராக்கோவுக்கென்றே ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை உண்டு. 1898-இல் பியாசெட்ஸ்கி என்பவர் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரசுடைமையாகி வாவெல் என்ற பெயர் பெற்றது. ஊரின் அரண்மனைக் குன்றுக்கும் அதே பெயர். குன்றின் பெயர் போட்ட மிட்டாயின் தாளைக் கொண்டே அந்தக் குன்றின் மேலுள்ள கோயிலைச் செய்கிறார்கள்!

பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மிட்டாய்த் தாளை ஒரு கண்ணாடிப் பலகைமேல் விரித்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவுவார். நகம் பட்டால் கோடு விழுந்துவிடும், அந்தக் கோடு பிறகு எதற்கும் மறையாது. சுருக்கம் போனதும் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதுபோல் கிடக்கும். தூண் வேண்டுமென்றால் மெல்லிய குச்சியில் இரண்டு வண்ணத் தாளைச் சாய்வாகச் சுற்றுவார். பூவேலைக்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. தாளுக்கு அடியில் பழைய பத்திரிகை நாலு மடிப்பு வைத்து, பின்பக்கத்திலிருந்து அழுத்தி வரைந்தால் முன்பக்கம் புடைத்து வரும். சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடித் தாள், பின்னால் விளக்கு.

குவிமாடம்தான் கஷ்டமான வேலை. வாவெல் பேராலயத்தை ஒட்டி 1519-க்கும் 1533-க்கும் இடையே இத்தாலியச் சிற்பி பெரெச்சி கட்டிய சிகிஸ்முண்ட் சிற்றாலயத்தின் தங்க முலாம் பூசிய குவிமாடம் மீன்செதில் போலிருக்கும். அதைத் தாளில் கொண்டுவர, அரைவட்டமாக வெட்டிய துண்டுகளைக் கீழ்வரிசையில் தொடங்கி மேலே ஏற ஏற ஒட்டுவார், ஒவ்வொன்றும் கீழுள்ளதன் தலையை மூடும்படி. ஓட்டுக் கூரை போடுகிறவனும் இப்படித்தானே போடுகிறான் என்றேன். “பின்னே? இதை ஆரம்பித்தவர்கள் யார் என்று நினைத்தீர்கள்?” என்றார்.

அது உண்மைதான். ஷோப்காவின் கோபுரங்களை உற்றுப் பார்த்தால் கட்டடத் தொழிலாளியின் கண் தெரியும். புனித மரியாள் ஆலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரமில்லை. ஒன்று 80 மீட்டருக்கு மேல், மற்றது 70-ஐத் தொடாது. உயரமானதின் உச்சியில் 1666-இல் வைத்த பொன்முலாம் கிரீடம் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொன்றாகக் கட்டினார்கள், பொறாமையில் ஒருவன் மற்றவனைக் குத்திவிட்டான் என்று கதை. கத்தி இன்னும் சதுக்கத்துத் துணி மண்டப வாசலில் தொங்குகிறது. ஷோப்காவில் இந்தக் கோபுரம், அரண்மனை, துணி மண்டபம், பழைய நகர வாயில் என்று ஊரையே பிரித்துக் கலைத்து மறுபடி கோத்துவிடுகிறார்கள். எந்தக் கட்டடமும் முழுசாக அப்படியே வராது. பெரும்பாலும் உயரக் கோபுரத்தை இரண்டாக்கி இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். சமச்சீர் முக்கியம், சகோதரச் சண்டையெல்லாம் இங்கே கிடையாது.

இன்றைக்கு இருக்கும் ஷோப்காக்களுக்கெல்லாம் முன்மாதிரி என்று சொல்வது க்ரொவோத்ஷாவைச் சேர்ந்த மிஹாவ் எசெனெகியெர் செய்தது. கொத்தனார், ஓடு பதிக்கும் மேஸ்திரி. 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவர் குடும்பத்தோடு உருவாக்கிய பெரிய ஷோப்கா இப்போது கிராக்கோவின் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் எனக்குப் படுவது, இது ஒரு தொழில் கருவி என்பதுதான். ஆட்டத்துக்கான மேடை அதில் தாராளமாக இருக்கிறது. பின்னால் வந்த ஷோப்காக்களில் கோபுரங்கள் பெருத்து மேடை சிறுத்துக்கொண்டே போனது.

படித்தவர்களும் இதை விட்டுவைக்கவில்லை. 1905-இல் ‘பச்சைப் பலூன்’ என்று ஒரு கேலி அரங்கை எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஒரு மிட்டாய்க்கடையில் தொடங்கினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பொம்மையாக்கி ஷோப்காவில் ஆடவிட்டுக் கிண்டலடித்தார்கள்.

முதல் உலகப்போர் வந்ததும் வீடு வீடாகப் போகிற வழக்கம் படுத்துவிட்டது. போருக்குப் பின் போலந்து விடுதலை அடைந்தது, ஆனால் ஷோப்காக்காரர்களைக் கூப்பிட ஆளில்லை. சிறு ஷோப்காக்களைச் செய்து சதுக்கத்தில் நினைவுப்பொருளாக விற்றார்கள். அந்த நிலையில்தான் நகராட்சியில் விளம்பரப் பொறுப்பிலிருந்த யெஷி டோப்ஷிட்ஸ்கி என்பவர் 1937 டிசம்பரில் ஒரு போட்டி வைத்தார். கவிஞர் மித்ஸ்கியேவிச்சின் சிலையடியில், படிக்கட்டுகளில் ஷோப்காக்களை வரிசையாக வைக்கச் சொன்னார். அது பிழைத்துக்கொண்டது. அடுத்துப் போர். நாஜிகள் 1940-இல் அந்தச் சிலையையே இடித்துத் தள்ளினார்கள். 1945 டிசம்பரில் போட்டி திரும்பி வந்தபோது ஷோப்கா இருந்தது, சிலை இல்லை. சிலை மீண்டும் எழுந்தது 1955-இல்.

போருக்குப் பின் வந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. கடவுள் இல்லை என்று சொல்லும் அரசு, கிறிஸ்து பிறப்புக்குப் போட்டி நடத்துவதை எப்படி அனுமதித்தது என்று கேட்டால், பெரியவர் சிரிக்கிறார். ‘நாட்டார் கலை’ என்று ஒரு முத்திரை குத்தினால் போதுமாம், குழந்தை இயேசு ஓரமாக இருந்துவிட்டுப் போவார். சிக்கல் தாளில்தான் வந்தது. 1980-களில் சாக்லேட்டுக்கும் ரேஷன் அட்டை. குடும்பத்தில் யார் மிட்டாய் தின்றாலும் தாளைக் கிழிக்காமல் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டு விழும். நீவிய தாள்களை வண்ணவாரியாகப் புத்தகத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று அதனாலேயே மூட முடியாமல் போனது. இன்றும் அவர் அலமாரியில் வாயைப் பிளந்தபடி நிற்கிறது.

போட்டிதான் இந்தக் கலையைக் காப்பாற்றியது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதன் வாயையும் அதுவே அடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். டிசம்பர் முதல் வியாழக்கிழமை பகல், சாம்பல் நிற வானத்தின் கீழ், மரியாள் கோபுரத்து எக்காளம் பன்னிரண்டு மணிக்கு ஊதிய பிறகு ஷோப்காக்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். மெழுகுவர்த்திக்குச் செய்த பொருளைப் பட்டப்பகலில் பார்த்து மதிப்பெண் போட்டால் எதைப் பார்ப்பார்கள்? கட்டட நேர்த்தியை, ஒட்டு தெரியாத மூலையை, நிறப் பொருத்தத்தை. ஏரோதை யாரும் பேசச் சொல்வதில்லை. இன்றைய பொம்மைகள் பசைபோட்டு ஒட்டிய இடத்தில் நிற்கின்றன, அல்லது மோட்டார் சுழற்ற வட்டமடிக்கின்றன. கொத்தனாரின் குரலும் நையாண்டியும் போய், அவர் கைவேலை மட்டும் மிஞ்சியது. பெரியவருக்கு இந்தக் கருத்து பிடிக்காது. “ஆளைக் கூப்பிட்டுக் கூடத்தில் கூத்து வைக்க இந்தக் காலத்தில் எந்த வீட்டில் கூடம் இருக்கிறது?” என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதிலில்லை.

2018 நவம்பரில் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் போலந்தின் முதல் கலை இது. அறிவித்த கூட்டம் நடந்தது, தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழர்கள் வாழும் மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் நகரில். இதைச் சொன்னபோது பெரியவர் காவடி என்றால் என்ன என்று கேட்டார். செல்பேசியில் படம் காட்டினேன். மயிலிறகை அவர் கண்டுகொள்ளவில்லை. வளைவில் ஒட்டிய ஜிகினா தாளா பிளாஸ்டிக்கா என்று கேட்டார்.

அவருக்கு அது முக்கியம். கைவினைக் கடைகளில் இப்போது சுருள் சுருளாகக் கிடைக்கும் மினுக்குத் தாளில் பாதி, பிளாஸ்டிக் மேல் அலுமினிய ஆவி படியவைத்தது. மடித்தால் மடிந்த இடத்தில் நிற்காது, விரலை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். கூர்மையான மூலைக்கு அது உதவாது. நிஜ அலுமினியத் தாள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். மிட்டாய்க் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. தாளில் சுற்றி வருபவை எவை என்று ஷோப்காக்காரர்கள் ஒருவருக்கொருவர் துப்புக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

பெரியவருக்குச் சர்க்கரை நோய் வேறு. மிட்டாயை அவர் வாங்குகிறார், நான் தின்கிறேன், தாள் அவருக்கு. ஊதா நிறம்தான் எப்போதும் பற்றாக்குறை. ஊதாத் தாளில் வருகிற மிட்டாய்க்குள் ஏதோ பழச்சாறு ஊற்றியிருக்கிறார்கள், எனக்கு வாயில் வைக்க முடியாது. அவர் மனைவி அதை ஒரு தட்டு நிறைய எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டு, தாளைக் கிழிக்காமல் பிரிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.