ஓலை வரியும் நிரல் வரியும்

ஓலைச்சுவடியில் பத்தி பிரிப்பது கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. பாட்டும் உரையும் ஒரே ஓட்டம். தொடக்ககால அச்சு நூல்கள் பலவும் அப்படி நெருக்கி அடித்தவையே. நம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை போன்ற பழைய புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் எது பாட்டு, எது உரை என்று கண்ணுக்குத் தெரியவைத்தார்.

கணினி நிரலுக்கு அந்த வேலையை இன்று எடிட்டர் செய்கிறது. 1991இல் குய்டோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் வரியை உள்ளே தள்ளி எழுதுவதே இலக்கணம். தள்ளல் பிசகினால் நிரல் ஓடாது. ஓடினாலும் பொருள் மாறலாம், அதுதான் மோசம். எனவே டேப் விசையைத் தட்டினால் நான்கு வெற்றிடம் விழும்படி எடிட்டரில் முதலிலேயே அமைத்துவிடுங்கள். இரண்டும் நமக்கு ஒன்றாகத் தெரியும், பைத்தானுக்கு வேறு வேறு. கோப்பின் பெயர் ‘.பிஒய்’ என்று முடிந்தால் வண்ணம் பெரும்பாலும் தானே வந்துவிடும். அந்த வண்ணம் நமக்கு மட்டும்தான். பைத்தான் அதைப் பார்ப்பதேயில்லை.