கடைவாசலுக்கு வந்த சட்டம்

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு காலத்தில் இரண்டு வகை ஏனங்கள் இருந்தன. உள்ளே உட்காரலாம் என்ற சாதியாருக்குக் கிளாஸ். உட்காரக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு வாசலில் வைத்துப் போத்தலிலோ தகரப் பேணியிலோ தேத்தண்ணி. இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்து எவரையும் கடையிலோ உணவகத்திலோ தடுக்கக் கூடாது என்கிற இலங்கை அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையின் பிறப்பை நான் அந்தப் போத்தலிலிருந்துதான் தொடங்குவேன்.

1940களிலிருந்தே எம்.சி. சுப்பிரமணியம் முதலானோரின் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதற்காகப் போராடிவந்தது. 1957இல் நாடாளுமன்றம் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கடையிலும் உணவகத்திலும் சலூனிலும் சாதி சொல்லித் தடுப்பது அன்றிலிருந்து குற்றம். ஆனாலும் கடைகள் மாறவில்லை. கொழும்பில் எழுதிய சட்டத்தை ஊரில் எடுத்துப் பிடிக்க ஆளில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் தடியடி நடத்தியும் அது யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு தேநீர்க்கடையாக உள்ளே போய் உட்கார்ந்தவர்கள்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தார்கள். 1971இல் நாடாளுமன்றம் தண்டனையைக் கூட்டியது.

1978 அரசியலமைப்பில் 12(3) வந்தது. அதன் வாசகம் இந்திய அரசியலமைப்பின் 15(2)ஐப் பெரிதும் ஒத்தது. கூடவே தன் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடத்தையும் சேர்த்துக்கொண்டது. 1964இல் அமெரிக்காவும் இதே முடிவுக்கு வந்திருந்தது. ஹோட்டலும் உணவகமும் யாரை உள்ளே விடுவது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விடாமல் மத்திய சட்டமே வகுத்தது.

இனி கிழக்கின் வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பில் சாதி இறுக்கம் இல்லை என்று சொல்வோர் உண்டு. கோயில் உரிமையும் திருவிழா முறையும் தாய்வழிக் குடி பார்த்தே பங்கிடப்படும் மண் இது; அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் இங்கே கடைவாசலின் பெரிய கேள்வி இனமும் மதமும். ஆரையம்பதியும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். ஒரே தெருவில் நடந்துபோகையில் தமிழ்க் கடைகளும் முஸ்லிம் கடைகளும் வரும். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பேச்சு நாடெங்கும் பரவியது.

அதே ஆண்டு புத்தளம் மாவட்டத்தில் வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளர், தங்கொட்டுவ வாராந்தச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக்கூடாது என்று கடிதமே எழுதினார். மாரவில நீதவான் நீதிமன்றம் அதை நிறுத்தியது. மக்கள் தெரிந்தெடுத்த உள்ளூர்ச் சபைதான் அங்கே பாகுபாட்டைத் தொடங்கியது. அதிகாரம் ஊருக்கு வரவேண்டும் என்று தலைமுறையாய்க் கேட்கும் கிழக்குத் தமிழர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் கோரிக்கை என்னுடையதும்தான். ஆனால் கடைக்குள் யார் வரலாம் என்ற ஒன்றை மட்டும் எந்தச் சபையின் பெரும்பான்மைக்கும் விடக்கூடாது.

தவிசாளரைத் தடுப்பது எளிது. அவர் அரசின் கை. தனியார் கடைக்காரர் ஒருவர் ‘உங்களுக்குச் சாமான் இல்லை’ என்று ஒரு முஸ்லிமையோ தமிழரையோ திருப்பிவிட்டால் எங்கே போவது? 126ஆம் உறுப்புரையின்படி நிறைவேற்று அல்லது நிர்வாக நடவடிக்கையால் உரிமை மீறப்பட்டால்தான் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். சாதி காரணமென்றால் 1957 சட்டத்தோடு நீதவானிடம் போகலாம். இனமும் மதமும் காரணமென்றால் அந்தச் சட்டமும் கைகொடுக்காது. அதில் இருப்பது சாதி மட்டும். 12(3)இல் அடுத்தடுத்து நிற்கும் சொற்களில் ஒன்றுக்குத் தண்டனை உண்டு, மற்றவற்றுக்கு இல்லை.

உணவகத்துக்கு உரிமம் கொடுப்பதும் சந்தையை நடத்துவதும் மாநகர, நகர, பிரதேச சபைகளே. அவற்றின் மேற்பார்வை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் மாகாண சபைக்கு வந்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017இல் முடிந்துபோனது. ஆகவே முதலில் நாடாளுமன்றம் 1957 சட்டத்தில் சாதிக்குப் பக்கத்தில் இனத்தையும் மதத்தையும் எழுத வேண்டும். அதன்பின் ஆரையம்பதியில் உரிமம் கொடுக்கும் சபையும் காத்தான்குடியில் உரிமம் கொடுக்கும் சபையும் அந்த வரியைத் தங்கள் உரிமத் தாளிலேயே நிபந்தனையாக அச்சிட்டு, மீறிய கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க வேண்டும்.