தீப்பெட்டி ஆபீசும் கல்லூரி வாசலும்

கரிசல் சீமையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாளையக்காரர்களைப் பற்றியும் பஞ்சங்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். ஆனால் நேற்றைய வரலாறு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் தொண்ணூறுகளில் கல்லூரிக்குள் நுழைந்த தலைமுறை அத்தகையது. அத்தலைமுறையினர் இன்று ஐம்பது வயதை ஒட்டி நிற்கின்றனர். அவர்கள் மறக்குமுன் சிலவற்றைப் பதிந்து வைப்பது நம் கடன்.

இந்த வானம் பார்த்த பூமிக்கு உயர்கல்வி தாமதமாகவே வந்தது. கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966-இல் தொடங்கப் பெற்றது. அதற்கு முன்பு பட்டம் பெற விரும்பியவர் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1923-இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரி நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் பட்டத்தைத் தந்த இடம். கோவில்பட்டிக்குத் தெற்கே நல்லாட்டின்புதூரில் நேஷனல் பொறியியற் கல்லூரி 1984-இல் எழுந்தது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நெல்லையில் நிறுவப்பட, தென்மாவட்டக் கல்லூரிகள் மதுரையை விட்டு அதன்கீழ் வந்தன. மதிப்பெண் பட்டியலில் திருத்தம் வேண்டுவோருக்கு மதுரைப் பயணம் மிச்சமாயிற்று. இது சிறு செய்திபோல் தோன்றலாம். ஒரு நாள் கூலியை இழந்து மகனுக்காகப் பேருந்து ஏறிய தகப்பனுக்கு அது சிறு செய்தியன்று.

அந்த வகுப்பறைகளில் வந்தமர்ந்தவர் யார்? மானாவாரியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்து, ஐப்பசி மழை பொய்த்தால் கடன் வாங்கிய வீடுகளின் பிள்ளைகள். சிவகாசியில் 1923 வாக்கில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, மழையை நம்பாத கூலியைக் கொடுத்தது. அந்தக் கூலிக்கு விலையாகப் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் போயிற்று. விடியுமுன் ஊருக்குள் வண்டி வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு சிறுமியர் ஏறுவர். எங்கே போகிறாய் என்று கேட்டால் 'தீப்பெட்டி ஆபீசுக்கு' என்பர். தொழிற்சாலையை ஆபீசு என்று அழைத்த அந்த வழக்கில் எவ்வளவு துயரம் பொதிந்திருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அக்காள் கட்டை அடுக்கினாள், தம்பி கல்லூரிக்குப் போனான் என்பதே பல வீடுகளின் கதை. 1986-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இடர்மிகுந்த தொழிலில் அமர்த்தப்படும் குழந்தை ஒவ்வொருவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்குள் ஒரு தலைமுறைச் சகோதரியர் படிக்காமலே வளர்ந்துவிட்டிருந்தனர்.

இதற்கிடையே வாசல் சற்று அகலத் திறந்ததும் உண்மை. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடாகி, 1994-இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது. பெற்றோர் எவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாத மாணவர் வகுப்பில் பலர் இருந்தனர்.

நாகரிகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளமையை அதன் ஆரவாரம் இல்லாமல் எழுதுவது முறையன்று. 1992-இல் 'ரோஜா' படத்தின் பாடல்கள் விடுதி அறைதோறும் ஒலித்தன. விரும்பிய பாடல்களைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து ஒலிநாடாவில் பதிவுசெய்து வாங்குவது ஒரு கலையாகவே இருந்தது. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. தொளதொளத்த கால்சட்டையும், எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் இரவுக் கட்டணத்துக்காகக் காத்திருப்பதும், இறுதியாண்டில் கைமாறிச் சென்ற ஆட்டோகிராப் ஏடுகளும் அக்காலத்தவை. மாலையில் தட்டச்சுப் பயிலகத்துக்குச் சென்றவர்கள் சில ஆண்டுகளிலேயே கணினி மையத்துக்கு மாறினர். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபோது, பகடிவதையை விளையாட்டென்று சிரித்த பெற்றோரும் அஞ்சினர். 1997-இல் தமிழகம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று.

இலக்கியத்தில் இவ்வூருக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணன் பட்டம் எதுவும் பெறாதவர். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989-இல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வோ மாணவரை ஊர்ப்புறத்துக்கே அனுப்பிற்று. பாட்டியின் ஒப்பாரியும் பாடமாகும் என்று அறிந்த மாணவன், தன் ஊர்ப் பேச்சுக்கு வகுப்பில் நாணியதை மெல்ல விட்டான்.

எனினும் இக்காலத்தின் ஆறாத புண் சாதி. 1995 ஆகஸ்டு 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தது. தலித் மக்கள் உழைத்துச் சேர்த்த தொலைக்காட்சிப் பெட்டிகளும் தையல் இயந்திரங்களும் மிதிவண்டிகளும் நொறுக்கப்பட்டன. படித்த இளைஞரின் கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. வீட்டை மீண்டும் கட்டலாம். பானை சட்டியை மீண்டும் வாங்கலாம். ஒரு குடும்பத்தின் முதல் பட்டச் சான்றிதழை எரித்தவனுக்கு, தான் எதை எரிக்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். 1997-இல் சுந்தரலிங்கனார் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அப்பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தனர். கலவரம் மூண்டது. முடிவில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன; சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. மாணவரை ஊருக்கும் கல்லூரிக்கும் இணைத்த அதே பேருந்து அவர்களைப் பிரிக்கும் களமாகவும் ஆனது.

நம் திருச்சபை மக்களுக்கு இதில் மற்றொரு வேதனையும் உண்டு. ஒரே தெருவில் பிறந்து, ஒரே இழிவைச் சுமந்து, ஒரே கல்லூரியில் சேர்ந்த இருவரில் ஒருவர் பட்டியல் சாதியினராகவும், திருமுழுக்குப் பெற்ற மற்றவர் பிற்படுத்தப்பட்டவராகவும் பதிவேட்டில் எழுதப்பட்டனர். கல்வி உதவித்தொகையிலும் வேலை ஒதுக்கீட்டிலும் அந்த ஒற்றை வரி வேறுபாடு செய்தது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. நம் கோவில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதி தனியிடம் கேட்டு நின்ற நாள்களில், அரசிடம் நீதி கேட்ட நம் குரல் தழுதழுத்ததில் வியப்பில்லை.

நல்லாட்டின்புதூர்க் கல்லூரி 2001-க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கிராமத்து மாணவரை அச்சுறுத்திய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. தலித் கிறித்தவரின் உரிமை வழக்கு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் உள்ளது. அதனை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. இரண்டு ஆண்டுகளில் அறிக்கை தர வேண்டிய அந்த ஆணையத்தின் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.