தள்ளுவண்டியில் வந்த பட்டம்

பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.ஆர்க். சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எஞ்சினீயரிங்கே நாலு வருஷம்தான், இது மட்டும் ஏன் அஞ்சு?" என்பது. பாடம் அதிகம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். நீளத்துக்குக் காரணம் பாடம் மட்டுமல்ல. ஒருவரிடம் போய்ச் சேர்ந்து கூடவே இருந்து தொழில் பழகும் பழைய வழியையும், வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் படிப்பையும் ஒரே பட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தார்கள். இரண்டும் எளிதில் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் பிடித்தது.

வகுப்பு முதலில் வந்தது பாரிஸில். 1671இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் அரச கட்டடக்கலைக் கழகத்தை ஏற்படுத்தினார். பிரான்சுவா புளோன்டெல் என்ற கணித வல்லுநர் அதன் முதல் பேராசிரியர். வடிவியல், கோட்டை கட்டும் முறை, ரோமானியத் தூண்களின் அளவுகள் என்று உரைகள் நடந்தன. ஆனால் வரையப் பழக வேண்டுமானால் ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்டின் பட்டறையில்தான் போய் நிற்க வேண்டும். புரட்சிக் காலத்தில், 1793இல், கழகம் மூடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே மரபு 'எகோல் தெ போஸார்' என்ற கலைப்பள்ளியாகத் திரும்ப வந்தது. இன்றைய பி.ஆர்க். மாணவர் படும் பாட்டில் பாதி அங்கே பிறந்ததுதான்.

பள்ளி ஒரு தலைப்பைக் கொடுக்கும். மாணவர் சிறு தடுப்பறைக்குள் பன்னிரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து முதல் வரைவைப் போட வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது. அந்த வரைவு பள்ளியின் பொறுப்புக்குப் போய்விடும். அதன் நகலை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து வாரக்கணக்கில் விரிவாக்கலாம். ஆனால் முதல் நாள் யோசித்த அமைப்பிலிருந்து விலகினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். முதல் யோசனையையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்ற இந்த விதி முட்டாள்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வாரத்துக்கு ஒரு கான்செப்ட் மாற்றிக் கடைசியில் எதையும் முடிக்காத மாணவர்களுக்கு இது நல்ல மருந்து.

பட்டறைகள் பள்ளிக்கு வெளியே, தெருக்களில் சிதறிக் கிடந்தன. கெடு நாளில் தள்ளுவண்டி வரும். வரைபடங்களை அதில் ஏற்றிப் பள்ளிக்கு ஓட்ட வேண்டும். உருளும் வண்டியில் தொற்றிக்கொண்டே கடைசிக் கோட்டை இழுத்தவர்கள் உண்டு என்று ஒரு கதை. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். சப்மிஷனுக்கு முந்தைய இரவு ஹாஸ்டலில் தூங்காமல் மாடல் ஒட்டுகிறவர்கள் அதை நம்பத் தயங்க மாட்டார்கள். பட்டறைக்குப் புதிதாக வந்தவர்கள் மூத்தவர்களின் படங்களுக்கு மை தீட்டி, நிழல் அடித்துக் கொடுப்பார்கள். இங்கே தீசிஸ் நேரத்தில் ஜூனியர்களைப் பிடித்து வைத்து வேலை வாங்கும் சீனியர்களுக்கு அவ்வளவு நீண்ட பரம்பரை இருக்கிறது. ஜூரி மட்டும் வேறு மாதிரி. நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மதிப்பிட்டார்கள். மாணவருக்கு உள்ளே இடமில்லை. ஷீட்டை மாட்டி அதன் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது பின்னால் வந்த வழக்கம். அதுவே தேவலை, எதற்காகத் திட்டுகிறார்கள் என்றாவது தெரியும்.

இத்தனை வருஷப் படிப்பு என்ற கணக்கு அங்கே கிடையாது. போட்டிகளில் புள்ளி சேர்த்து மேலே ஏறலாம். முப்பது வயதானால் வெளியே போக வேண்டும். டிப்ளமோ என்ற ஒன்றே 1867இல்தான் வந்தது. கட்டடக்கலைப் பிரிவில் முதல் பெண்ணாக 1898இல் சேர்ந்த கலிஃபோர்னியாவின் ஜூலியா மார்கன், அந்த வயது வரம்போடு பந்தயம் ஓடித்தான் 1902இல் சான்றிதழ் வாங்கினார்.

இங்கிலாந்தில் கதை நேர்மாறு. அங்கே பள்ளி கிடையாது, அலுவலகம்தான். பையனின் அப்பா ஆர்க்கிடெக்டிடம் ஒரு தொகையைக் கட்டிச் சில வருஷத்துக்கு ஒப்படைப்பார். கற்றுக்கொடுப்பதும் கொடுக்காததும் அந்த மனிதரின் மனசு. டிக்கன்ஸ் 1843இல் தொடங்கிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் வரும் பெக்ஸ்னிஃப், மாணவன் போட்ட பள்ளிக்கூட பிளானைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் ஆசாமி. வாசகர்கள் சிரித்தார்கள் என்றால், அப்படிப்பட்டவர்களை அவர்கள் கண்டிருக்க வேண்டும். 1847இல் அலுவலகப் பையன்களே பொறுமையிழந்தார்கள். ராபர்ட் கெர், சார்லஸ் கிரே என்ற இரு இளைஞர்கள் முன்னின்று லண்டனில் 'ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையில் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். முழுநேரப் பகல் பள்ளியாக அது மாறியது 1901இல்.

இரண்டையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது அமெரிக்கா. எம்.ஐ.டி.யில் 1868இல் வகுப்பு தொடங்கியது. இல்லினாயில் 1873இல் நேதன் ரிக்கர் என்ற மரவேலைக்காரர் அந்நாட்டின் முதல் கட்டடக்கலைப் பட்டதாரி ஆனார்.

நமக்கு வந்தது லண்டன் வழியாக, அதுவும் வரைவாளர் தேவையால். பம்பாயில் 1857இல் பிறந்த ஜே.ஜே. கலைப்பள்ளி, அலுவலகங்களுக்குப் படம் வரையும் ஆட்கள் வேண்டும் என்று 1896இல் வகுப்பு தொடங்கியது. மெல்ல அது முழுப் படிப்பாக வளர்ந்தது. அங்கேயும் சங்கம் கூட்டியவர்கள் அங்கே படித்து வெளியேறிய மாணவர்கள்தான்: 1917இல் அவர்கள் தொடங்கியதே பெயர் மாறி மாறி 1929இல் இந்திய ஆர்க்கிடெக்டுகள் நிறுவனம் ஆனது. 1920களிலும் 30களிலும் ஜே.ஜே.யின் கட்டடக்கலைப் பிரிவுக்குத் தலைமை வகித்த கிளாட் பாட்லி, பழைய கட்டடங்களை அளந்து வரைய மாணவர்களைப் பழக்கினார். இன்று டேப்பும் நோட்டுமாகச் செட்டிநாட்டு வீடுகளில் திரியும் மாணவர் கூட்டம் அந்த வழியில் வந்தது. 1936இல் பெரின் மிஸ்திரி என்ற பெண் ஜே.ஜே.யில் டிப்ளமோ பெற்றார். கண்டியிலிருந்து வந்த மினெட் டி சில்வாவோ, 1942இல் காந்திக்கு ஆதரவான ஊர்வலத்தில் நடந்ததற்காக அதே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு லண்டன் போய் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படித்து முடித்தார். இந்தியாவில் படித்தவர்கள் கையில் கிடைத்தது அதுவரை டிப்ளமோதான். பட்டம் விடுதலைக்குப் பிறகு வந்தது: 1949இல் கல்கத்தா அருகே சிப்பூரில் தொடங்கியது, 1952இல் ஜே.ஜே.யும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

சென்னையில் 1957. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம் கட்டடக்கலைத் துறையைத் தொடங்கியது. இன்றைய அண்ணா பல்கலைக்கழகப் பள்ளி அதன் தொடர்ச்சி. அதே வருஷம் மாமல்லபுரத்தில் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் வந்தது. ஓரிடத்தில் ஆங்கிலப் பாடநூலும் டி-ஸ்கொயரும், இன்னோரிடத்தில் சிற்ப அளவுகளுக்கான தாளமானக் கணக்கும் உளியும். பாரிஸின் உரையையும் லண்டனின் அலுவலகத்தையும் சேர்த்துக் கட்டிய நாம், பக்கத்து ஊரில் கோயில் கட்டத் தெரிந்தவர்களை அந்தக் கட்டுக்குள் சேர்க்கவில்லை. இந்தப் படிப்பின் பெரிய பிழை இதுதான் என்று நினைக்கிறேன்.

1972இல் ஆர்க்கிடெக்ட் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த கவுன்சில் ஐந்து வருஷத்தை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. பழைய பட்டறைக் காலமும் மறையவில்லை. ஏதாவது அலுவலகத்தில் போய் வேலை பழகும் பயிற்சியாக அந்த ஐந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு பாடுபட்டு வாங்கும் பட்டத்துக்குச் சட்டம் தரும் காவல், பெயருக்கு மட்டும்தான். 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பதிவு செய்யாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, வேலையைச் செய்ய அந்தச் சட்டத்தில் தடையில்லை. சிறிய ஊர்களில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர் இன்றும் பெரும்பாலும் சிவில் படித்தவர், அல்லது அனுபவமுள்ள மேஸ்திரி. பெயர்ப்பலகையில் அந்த ஒரு சொல்லை எழுதாதவரை அவரை இந்தச் சட்டம் கேட்காது.