பறங்கிப்புண் முதல் நம்பிக்கை மையம் வரை: எல்லைத் தமிழ் வழக்கும் சென்னை நகர மருத்துவ வரலாறும்

முன்னுரை

நோய்க்கு இடப்படும் பெயர் நோயை மட்டும் குறிப்பதன்று. அந்நோய்க்கு யார் பொறுப்பு என்று ஒரு சமூகம் கருதியதையும் சேர்த்தே குறிக்கும். பால்வினை நோய்களுக்கு வழங்கிய பெயர்களிலும், பெருநகரில் அவற்றைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டத்திலும் ஒரே எண்ணம் செயற்பட்டதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்பகுதியின் இருமொழிச் சொற்களும் சென்னை நகர வரலாறும் இதற்குச் சான்றுகளாகின்றன.

பெயர்கள் சுமத்திய பழி

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது விளவங்கோடு முதலிய தென்திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தபோதும் நோய்ப்பெயர்கள் பிரியவில்லை. போர்ச்சுகீசியர் வருகைக்குப்பின் பரவிய கிரந்தி நோயைத் தமிழர் 'பறங்கிப்புண்' என்றனர். மலையாளத்திலும் அது 'பறங்கிப்புண்ணு' ஆயிற்று. வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசமும் பறங்கியர் பெயராலேயே அதனைச் சுட்டுகிறது. மலையாளத்தின் 'குஹ்ய ரோகம்' மறைவிட நோய் எனப் பொருள்படும். தமிழ்ப் பேச்சுவழக்கோ 'பொம்பளைச் சீக்கு' என்கிறது.

முதற்பெயர் அயலான்மீது பழி சுமத்துகிறது; அடுத்தது நோயை மறைக்கச் சொல்கிறது; இறுதிப்பெயர் நோயைப் பெண்ணுக்கே உரியதாக்குகிறது. நோயுற்றவர் மருத்துவரை நாடாது ஒளிந்திருக்கத் தூண்டுவது இம்மூன்றுக்கும் பொது இயல்பாகும்.

1868ஆம் ஆண்டுச் சட்டம்

இதே எண்ணம் சட்டவடிவம் பெற்றதை 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டத்தில் காண்கிறோம். படைவீரர் நலம் கருதிப் பிறந்த இச்சட்டம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய பெருநகரங்களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்கள் பெயரைப் பதிவுசெய்யவும், குறித்த காலந்தோறும் உடற்சோதனைக்கு உட்படவும் வேண்டியிருந்தது. நோய் கண்டவர்கள் 'லாக் மருத்துவமனை' எனப்பட்ட தனி மருத்துவமனைகளில் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களிடம் சென்ற ஆடவருக்கு இத்தகைய சோதனை இல்லை. பதிவுக்கு அஞ்சிய பெண்கள் மறைந்து வாழ்ந்தனர். நோயும் அவர்களோடு மறைந்தது. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் முதலியோர் நடத்திய இயக்கத்தால் அந்நாட்டுச் சட்டம் 1886இல் நீக்கப்பட்டது. இந்தியச் சட்டம் 1888இல் நீங்கியது. அச்சுறுத்தலால் நகர நலத்தைக் காக்க இயலாது என்பதே இவ்விருபது ஆண்டுகள் தரும் பாடம் எனலாம்.

ஆய்வுக்கூடமும் அறமும்

மறுபுறம், சென்னையின் மருத்துவ அறிவு வளர்ந்தே வந்தது. 1905இல் சார்லஸ் டோனவன் இந்நகரில் கண்டறிந்த நுண்ணுயிரால் ஒரு பால்வினை நோய்க்கு 'டோனவனோசிஸ்' என்னும் பெயர் நிலைத்தது. அந்நோய் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 1954இல் வெளியிட்ட நூலை எழுதியோர் சென்னை மருத்துவர்களாகிய ஆர்.வி. இராஜம், பி.என். இரங்கையா ஆகியோர். 1943இல் பெனிசிலின் பறங்கிப்புண்ணைத் தீர்க்கும் என்பது உறுதியாயிற்று. எனினும் மருந்து வந்தபின்னும் வெட்கம் நீங்கவில்லை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குரிய குருதி, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து பெறப்பட்டது. கண்டுபிடிப்பு பெரிது, ஆயினும் சோதனை மீண்டும் அடைபட்ட பெண்ணிடமிருந்தே தொடங்கியது என்பது நோக்கத்தக்கது.

மாற்றம் இதன்பின் நிகழ்ந்தது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தோன்றியது. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் அறிந்த ஒப்புதலின்றிச் சோதனை செய்தலையும் அவரது நிலையை வெளியிடுதலையும் தடுக்கிறது. 1868இன் கட்டாயச் சோதனைக்கும் இவ்வொப்புதலுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள் கிடக்கின்றன.

முடிவுரை

பெயர்களும் மாறியுள்ளன. தமிழகத்தில் ஆலோசனையும் சோதனையும் தரும் இடம் 'நம்பிக்கை மையம்' எனப் பெயர் பெற்றது. கேரளத்தில் அது 'ஜ்யோதிஸ்' ஆயிற்று. பால்வினை நோய் மருத்துவப் பிரிவு 'புலரி' ஆயிற்று. புலர்தல் இரு மொழிக்கும் பொதுவான வினை. எனவே பாறசாலைத் தமிழருக்கு அச்சொல் அயன்மையாகாது.

சொல் மாறியதால் மட்டும் நோய் நீங்காது. பிழைப்பு நாடித் திருவனந்தபுரத்திற்கோ சென்னைக்கோ செல்லும் எல்லையோர இளைஞருக்கு ஆணுறையின் பயன் தெரிந்திருத்தல் வேண்டும். கிரந்தியும் எச்.ஐ.வி.யும் ஆண்டுக்கணக்கில் குறியின்றி உடலில் தங்கக்கூடும்; ஆகவே ஐயமுற்ற நிலையில் குறி தோன்றக் காத்திராது சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஒருவர்க்கு நோய் கண்டால் துணைவர்க்கும் சோதனையும் வேண்டிய மருத்துவமும் தேவை. இவற்றைச் செய்ய வெட்கமின்றி உச்சரிக்கத்தக்க சொல் ஒன்று வேண்டும். 'பால்வினை நோய்' என்னும் இன்றைய தமிழ்ச் சொல் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. அச்சொல்லை நூலிலிருந்து பேச்சுக்குக் கொண்டுசெல்வது தமிழாய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.